ராஜாஜியின் சுதந்திராக் கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜாஜி என்றால் குலக்கல்வி, சுதந்திராக் கட்சி என்றால் பணக்காரர் கட்சி. தமிழ்நாட்டில் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வியாபாரத்தையும் விவசாயத்தையும் சர்க்கார் தன் போக்கில் விட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, இந்தியா முழுக்க ஓட்டுக் கேட்டு, நாடாளுமன்றத்தில் பெரிய எதிர்க்கட்சியாகவும் வளர்ந்த கட்சி அது ஒன்றுதான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

கட்சி எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது?

உடனடிக் காரணம் நிலம். 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விவசாயிகள் தங்கள் நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவு முறையில் ஒன்றாகப் பயிரிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பட்டா உங்கள் பெயரில் இருக்கும், உழவு கூட்டாக நடக்கும் என்றார்கள். முதலில் கூட்டு உழவு, அப்புறம் பட்டாவும் போய்விடும் என்று சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். ரஷ்யாவிலும் சீனாவிலும் நடந்ததை அப்போது எல்லோரும் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பயத்தை வெறும் பிரமை என்று ஒதுக்க முடியவில்லை.

அதே வருஷம் ஜூன் 4-ஆம் தேதி சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், பாரத ரத்னா வாங்கியவர், இனி ராமாயணம் எழுதிக்கொண்டு காலம் தள்ளுவார் என்று நினைத்த நேரத்தில் நேருவை எதிர்த்துக் கட்சி ஆரம்பித்தார். தலைவர் பொறுப்பை ஆந்திர விவசாயத் தலைவர் என்.ஜி. ரங்கா ஏற்றார். பொதுச் செயலாளர் பம்பாயின் மினூ மசானி. இந்த மசானி இளவயதில் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கே.எம். முன்ஷி, சமஸ்தானங்களை இணைத்த வி.பி. மேனன் போன்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

கட்சிக்கு 21 கொள்கைகள். அதில் எனக்குப் பிடித்தது கடைசிக் கொள்கை: அடிப்படைக் கொள்கைகள் தவிர்த்த மற்ற விஷயங்களில் உறுப்பினர்கள் அவரவர் மனப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம். இன்றைக்கு எந்தக் கட்சியில் இதை எழுதி வைப்பார்கள்?

‘பர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி எதைச் சொன்னார்?

1990-க்கு அப்புறம் பிறந்தவர்களுக்கு இது புரிய ஒரு காட்சி தேவைப்படும்.

நீங்கள் வீடு கட்டுகிறீர்கள். சிமென்ட் வேண்டும். கடைக்குப் போய் மூட்டை வாங்க முடியாது. வரைபடத்தையும் மனுவையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டும். எத்தனை மூட்டை தேவை என்று நீங்கள் சொல்லலாம், எத்தனை மூட்டை கிடைக்கும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். பர்மிட் கைக்கு வந்தாலும் ஸ்டாக் வர வேண்டும். அதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவசரம் என்றால் கள்ள மார்க்கெட்டில் கூடுதல் விலை. ‘பர்மிட் சிமென்ட்’ என்ற சொல் எங்கள் பெற்றோர் தலைமுறைக்கு ‘ரேஷன் அரிசி’ மாதிரி சாதாரணமான சொல். 1982-இல்தான் இந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, முழுக்க நீங்கியது 1989-இல்.

இது வீட்டு அளவில். தொழில் அளவில் 1951-ஆம் வருஷத்துத் தொழில்கள் சட்டம் இருந்தது. தொழிற்சாலை தொடங்க லைசென்ஸ், விரிவாக்க லைசென்ஸ், புதிய பொருள் செய்ய லைசென்ஸ். அனுமதித்த அளவைவிட அதிகமாக உற்பத்தி செய்தால் அதுவே குற்றம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல வருஷம் காத்திருந்தவர்கள் உண்டு. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். வழிவழியாக அந்தத் தொழிலே செய்துவந்த பொற்கொல்லர்களின் பிழைப்பு ஒரே உத்தரவில் போனது.

ராஜாஜியின் வாதம் ‘இதனால் பொருளாதாரம் மெதுவாக வளரும்’ என்பதோடு நிற்கவில்லை. அவர் கண்ணில் பட்டது வேறு. பர்மிட் கொடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால், வாங்குகிறவன் அவருக்குக் கூழைக்கும்பிடு போட்டே தீர வேண்டும். பர்மிட் வாங்கிய பெரிய முதலாளி தேர்தல் நிதி கொடுப்பான், நிதி வாங்கிய கட்சி மறுபடி பர்மிட் கொடுக்கும். இப்படிச் சோசலிசத்தின் பெயரால் ஆளுங்கட்சியும் பெருமுதலாளியும் ஒருவரை ஒருவர் வளர்த்துக்கொள்வார்கள், நடுவில் சிறு வியாபாரி சாவான். அவர் மறைந்து ஒன்பது வருஷம் கழித்து, 1982 ஜனவரியில், சிமென்ட் ஒதுக்கீட்டுக்குப் பதிலாகக் கட்டுமானக்காரர்களிடமிருந்து அறக்கட்டளைக்கு நன்கொடை பெறப்பட்டது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதையடுத்து மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார்.

பழமைவாதமும் சுதந்திரச் சந்தையும் எப்படி ஒரே கட்சியில் இருக்க முடியும்? சந்தை பழமையை உடைக்குமே?

உடைக்கும்தான். இது சுதந்திராவுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. பிரிட்டனில் மார்கரெட் தாட்சர், அமெரிக்காவில் ரீகன் என்று இந்த வழியில் வந்த எல்லோரும் ஒரு பக்கம் குடும்பம், சமயம், ஒழுக்கம் என்றும் இன்னொரு பக்கம் போட்டி, லாபம், தனியார்மயம் என்றும் பேசினார்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்றுதான்: சர்க்கார் என்ற ஒற்றை அதிகாரத்தின் மேல் அவநம்பிக்கை. குடும்பமும் கோயிலும் கடைவீதியும் யாரும் மேலிருந்து திட்டமிடாமல் வளர்ந்தவை, திட்டம் போடுகிறவன் கை அவற்றின் மேல் பட்டால் கெட்டுவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை.

ராஜாஜி இந்த இடத்துக்குச் சுதந்திரச் சந்தையை ஆதரித்த ஆஸ்திரியப் பொருளாதார நிபுணர்கள் வழியாக வரவில்லை. அவருக்கு வழி காட்டியது கீதையும் காந்தியும். சொத்து வைத்திருப்பவன் அதற்குத் தர்மகர்த்தா மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்ற காந்தியின் கருத்து கட்சிக் கொள்கையிலேயே இருந்தது. மனிதனைத் தர்மம் கட்டுப்படுத்த வேண்டும், இன்ஸ்பெக்டர் அல்ல என்பதுதான் அவர் நிலை. தர்மத்துக்குக் கட்டுப்படாதவனை என்ன செய்வது என்று கேட்டால் அங்கே அவர் பதில் பலவீனமாகத்தான் இருக்கும்.

ராஜாஜி ஆரம்பத்திலிருந்தே தாராளச் சந்தைக்காரரா?

இல்லவே இல்லை. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடிப்பது தனிமனித சுதந்திரம் என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுதான் தொடக்கம். இன்று ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கடைக்காரர், வரியைக் குறை என்று பிற்காலத்தில் முழங்கிய அதே மனிதரிடம்தான் இந்தக் கதை தொடங்கியது என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ. 1938-இல் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் போட்டதும் அவர்தான்.

1952-இல் இரண்டாவது தடவை ஆட்சிக்கு வந்தார். தேர்தலில் நிற்காமல், மேலவைக்கு நியமனம் பெற்று முதல்வரானது அன்றைக்கே கடுமையாக விமர்சிக்கப்பட்டது, அந்த விமர்சனம் நியாயமானதும்கூட. வந்த சில மாதத்துக்குள் இரண்டு காரியம் செய்தார். உலகப் போர்க் காலத்திலிருந்து நீடித்த அரிசி ரேஷனையும் கட்டுப்பாட்டையும் ஒரே அடியாக நீக்கினார். விலை எகிறும், பஞ்சம் வரும் என்று பலரும் பயமுறுத்தினார்கள். டில்லியில் உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் ஆதரவாக நின்றார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை, பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. ‘கட்டுப்பாட்டை எடுத்தால் சரக்கு தானாக வரும்’ என்ற நம்பிக்கை அவருக்கு இறுகியது இந்த அனுபவத்தில்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது, பலரும் மறந்துவிடுவது. அதே 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகைதாரரையும் பண்ணையாளையும் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தார். சட்டசபையில் கம்யூனிஸ்டுகளைப் பார்த்து நான்தான் உங்கள் முதல் எதிரி என்று அறிவித்த மனிதர், கீழத்தஞ்சையில் அவர்கள் போராடிய கோரிக்கையில் ஒரு பகுதியைத் தானே சட்டமாக்கினார்.

அப்புறம் எப்படி ‘ஜமீன்தார் கட்சி’ என்று பெயர் வந்தது?

பெயர் சும்மா வரவில்லை. பீகாரில் கட்சி என்றால் ராம்கர் ராஜா. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, 1962-இல் மலைக்க வைக்கும் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரிசாவில் பழைய சமஸ்தான மன்னர்களின் கட்சி அப்படியே சுதந்திராவில் வந்து இணைந்தது. ராஜாக்கள் பழைய குடிகளின் ஓட்டைக் கொண்டுவந்தார்கள், சித்தாந்தத்தை அல்ல. இது ஜமீன்தார் காலத்துக் கட்சி என்று நேரு கேலி செய்தபோது கையில் ஆதாரம் இருந்தது.

ஆனால் ‘முதலாளிகள் கட்சி’ என்பது அவ்வளவு பொருந்தாது. 1961-இல் ஜே.ஆர்.டி. டாடா நேருவுக்கே கடிதம் எழுதி, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திராவுக்கும் நிதி கொடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். பிர்லா காங்கிரஸ் பக்கமே நின்றார். லைசென்ஸ் ஏற்கெனவே கையில் இருந்த பெரிய கம்பெனிகளுக்கு லைசென்ஸ் முறையால் என்ன நஷ்டம்? போட்டியாளர் உள்ளே வராமல் அதுவே காவல் காத்தது. 1944-இல் பம்பாய்த் திட்டம் எழுதி, சர்க்கார் பெரிய அளவில் தொழிலில் இறங்க வேண்டும் என்று கேட்டவர்களே அந்த முதலாளிகள்தாம்.

தமிழ்நாட்டில் கட்சியின் முகம் வேறு மாதிரி இருந்தது. காரைக்குடியில் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ரத்னசாமி, டாக்டர் ஹண்டே போன்ற படித்த, மரியாதையான ஆட்கள். தெருவில் கொடி கட்டவும் பூத்தில் உட்காரவும் ஆள் கிடையாது.

குலக்கல்வித் திட்டத்துக்கும் இந்தக் கட்சிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக இல்லை. திட்டம் வந்தது 1953-இல், கட்சிக்கு ஆறு வருஷம் முன்பு. கிராமத் தொடக்கப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரோடு அவர்கள் தொழிலைப் பழகுவது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, ஷிப்ட் முறையில் வைத்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைச் சாதியைக் காப்பாற்றும் சூழ்ச்சியாகப் பார்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தை ரத்து செய்தார்.

ஆனால் மறைமுகமான சம்பந்தம் ஆழமானது. செருப்புத் தைப்பவர் மகன் மதியத்துக்கு மேல் செருப்புத் தைக்கப் பழகட்டும் என்பது எந்தச் சந்தைக் கோட்பாட்டிலும் சேராது. பிறப்பு ஒருவனைக் கட்டிப்போடாமல், அவன் விரும்பிய தொழிலுக்குப் போவதுதானே சுதந்திரச் சந்தை? தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் அதிகாரத்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண்ணுக்கு, ஊருக்குள் சாதி நடத்திய லைசென்ஸ் ராஜ்யம் தெரியவில்லை. யார் எந்தத் தொழில் செய்யலாம், எந்தத் தெருவில் கடை போடலாம், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதற்கெல்லாம் அங்கே எழுதாத பர்மிட் இருந்தது. தமிழ்நாட்டில் சுதந்திராக் கட்சி வேர் பிடிக்காததற்குக் காரணம் தேடினால் நான் முதலில் இங்கேதான் வந்து நிற்பேன்.

1967-இல் தி.மு.க.வோடு எப்படிக் கூட்டுச் சேர்ந்தார்?

காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்ற ஒரே குறி. இந்தித் திணிப்பு எதிர்ப்பு வசதியான பாலமாக அமைந்தது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் இதே ராஜாஜிதான் என்பதை அப்போது யாரும் பெரிதாகக் கிளறவில்லை. ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்குக் குத்துங்கள் என்று பிராமணர்களிடம் சொன்னார் என்பது மேடைக்கு மேடை சொல்லப்படும் கதை. பெரியார் அந்தத் தேர்தலில் காமராஜர் பக்கம்.

தேர்தலில் தி.மு.க. கொடுத்த பெரிய வாக்குறுதி என்ன? ரூபாய்க்கு மூன்று படி அரிசி. 1952-இல் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியதைத் தன் சாதனையாகச் சொல்லிவந்தவரின் கட்சி, சர்க்காரே விலையை நிர்ணயித்து அரிசி தரும் என்ற வாக்குறுதியின் நிழலில் ஓட்டு வாங்கியது. சட்டசபையில் சுதந்திராவுக்கு 20 இடம், மக்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 6 பேர். அண்ணா தனியாகவே ஆட்சி அமைக்கும் பலம் பெற்றுவிட்டதால் சுதந்திராவின் தயவு தேவைப்படவில்லை. 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது, தொண்ணூறு வயதைக் கடந்த ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

நாடு முழுக்கக் கட்சியின் பலம் எவ்வளவு?

மக்களவையில் 1962-இல் 18 இடம், 1967-இல் 44, 1971-இல் 8. உச்சத்தில் இருந்த 1967-இல் ஏறக்குறைய 8.7 சதவீத ஓட்டு, மக்களவையில் மிகப் பெரிய எதிர்க்கட்சி. ஒரிசாவில் ஆர்.என். சிங் தேவ் தலைமையில் கூட்டணி ஆட்சியே நடத்தியது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் முக்கிய எதிர்க்கட்சி.

நீதிமன்றத்தில் ஏதாவது சாதித்தார்களா?

ஓட்டுப்பெட்டியைவிட அங்கே அவர்கள் செல்வாக்கு அதிகம் என்றே சொல்லலாம். 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் வங்கிப் பங்குதாரரும் சுதந்திராக் கட்சிக்காரருமான ஆர்.சி. கூப்பர். வாதாடியவர் நானி பால்கிவாலா. 1970 பிப்ரவரியில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நாலு நாளில் புது அவசரச் சட்டம் போட்டு வங்கிகளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், அது வேறு கதை. ஆனால் ஒரு சட்டம் அடிப்படை உரிமையை என்ன நோக்கத்தோடு தொடுகிறது என்பதைவிட என்ன விளைவை உண்டாக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பின் வழிமுறை, சொத்து விவகாரத்தைத் தாண்டிப் பிற்கால உரிமை வழக்குகளிலும் கைகொடுத்தது.

சொத்துரிமைக்கு நேர்ந்த முடிவுதான் விசித்திரம். 1974-இல் சுதந்திராவின் பெரும்பகுதி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது, அது 1977-இல் ஜனதா கட்சியில் கரைந்தது. அந்த ஜனதா ஆட்சிதான் 1978-இல் 44-வது திருத்தத்தின் மூலம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்தே எடுத்தது.

கட்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் மறைந்தது?

1971-இல் இந்திராவின் ‘வறுமையை ஒழிப்போம்’ கோஷத்துக்கு எதிரே, பணவீக்கத்தைப் பற்றியும் அரசமைப்பைப் பற்றியும் பேசினால் யார் கேட்பார்கள்? கூட்டணியும் தத்துவத்தைக் குழப்பியது. தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் ராஜாஜி, வாழ்நாள் முழுக்க எதிர்த்த காமராஜரோடு சேர்ந்து நின்றார். தோல்விக்கு அப்புறம் மசானி தலைமையிலிருந்து விலகினார். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி மறைந்தார். கட்சிக்குப் பின்னால் சங்கம், தொண்டர் படை, மாணவர் அணி எதுவுமே கிடையாது. இரண்டு பெரிய மனிதர்களின் தோளில் இருந்தது, அவர்கள் போனதும் போய்விட்டது.

1991 சீர்திருத்தம் ராஜாஜிக்குக் கிடைத்த வெற்றிதானே?

பாதி. 1991 ஜூலை 24 அன்று நரசிம்ம ராவ் அரசு பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்சை நீக்கியது, அன்றே மன்மோகன் சிங் பட்ஜெட். ராஜாஜி முப்பது வருஷத்துக்கு முன்பே கேட்டது காங்கிரஸ் கையாலேயே நடந்தது. ஆனால் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வாரத்துக்கே போதும் என்ற நிலையில், வேறு வழியில்லாமல் நடந்தது. சுதந்திரா பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்கள் செய்ததல்ல. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 1955-லேயே நிபுணர் குழுவில் தனி ஆளாக மறுப்புக் குறிப்பு எழுதிய பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாயும் பின்னாளில்தான் நினைவுகூரப்பட்டார்.

மீதிப் பாதி வரவே இல்லை. லைசென்ஸ் போனது, ஆனால் நிலம், கனிமம், அலைக்கற்றை என்று சர்க்கார் ஒதுக்கித் தரும் பொருட்கள் பெருகின. வாங்குகிறவர்களும் தேர்தல் நிதி கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருப்பதைப் பற்றிய அவர் எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. சிக்கனமான சர்க்கார், குறைந்த அதிகாரம், தனக்குத் தானே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளும் பணக்காரன் என்ற அவருடைய கனவை வலதுசாரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள்கூட இன்று கேட்பதில்லை.

நேருவும் ராஜாஜியும் ஜென்ம விரோதிகளா?

அரசியலில் கடும் எதிரிகள், அவ்வளவுதான். அணு ஆயுத எதிர்ப்பில் இருவரும் ஒரே பக்கம். 1962-இல் காந்தி அமைதி அறக்கட்டளையின் சார்பில் அமெரிக்கா போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அதிபர் கென்னடியைச் சந்தித்தார் ராஜாஜி. கம்யூனிச எதிர்ப்பாளர் என்றால் அமெரிக்க ஆயுதத்துக்கு ஜே போடுவார் என்ற கணக்கு அவரிடம் செல்லாது.

இன்றைக்கு அப்படி ஒரு கட்சி தொடங்க முடியுமா?

தொடங்கலாம், பதிவு செய்வதில்தான் சிக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989-இல் நடைமுறைக்கு வந்த 29-ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு கேட்கும் கட்சி அரசமைப்புக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிமுறையில் எழுதித் தர வேண்டும். சோசலிசத்தை நம்பாதவன் பொய்ச் சத்தியம் செய்தால்தான் கட்சி நடத்த முடியும் என்பது என்ன நியாயம் என்று கேட்டு, சுதந்திராவின் பழைய ஆட்கள் 1990-களில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு வருஷக்கணக்கில் கிடந்தது. தனியார்மயத்தை ஆதரிக்கும் கட்சிகள் உட்பட, அந்தப் பிரிவின் கீழ் பதிவான எல்லாமே அதே வாசகத்தை எழுதிக் கொடுத்திருக்கின்றன.